கொல்லைப்புறத்தில் ஓர் அகல்

போன வாரம் அன்னதானக் கமிட்டிக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். கையில் ரசீது புத்தகம். முகத்தில் பக்தி.

"அக்கா, தைப்பூசம் வருது. பழனிக்கு நடக்குற சாமிகளுக்கு நம்ம பந்தல்ல ஒரு வேளைப் பொங்கல் உங்க உபயமா இருக்கட்டும். அண்ணன் படத்தப் பெருசாப் போட்டு ஃப்ளெக்ஸ் அடிச்சிருவோம்."

அண்ணன் என்றது என் வீட்டுக்காரரை. அவர் காலமாகி வருகிற பங்குனியோடு இரண்டு வருஷம்.

"பொங்கல் வேணாம் தம்பி. நடந்து வர்ற பொம்பளைகளுக்குக் கக்கூஸ் வசதி செஞ்சு குடுங்க. அதுக்குத் தாரேன்" என்றேன்.

எழுதப் போனவர் பேனாவை மூடினார்.

"அதெப்படிக்கா... கக்கூஸ் உபயம்னு எழுதி அண்ணன் படத்தப் போட முடியுமா?"

நியாயமான கேள்விதான். படம் போட முடியாத புண்ணியத்தை யார் செய்வார்?

சரி, உட்காருங்கள் என்று காபி போடப் போனேன். அடுப்படியில் நிற்கும்போது எல்லாம் ஒரு சுற்று நினைவுக்கு வந்துபோனது. உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு அமராவதிபுதூரில், மெயின் ரோட்டை ஒட்டி. என் வீட்டுக்காரர் டூவீலர் மெக்கானிக். வருஷம் தவறாமல் மாலை போட்டுப் பழனிக்கு நடந்தவர். நானும் ஒரே ஒரு தடவை அவரோடு போனேன். ஒதுங்க இடம் கிடைக்காது என்ற பயத்தில் தண்ணீரே குடிக்காமல் நடந்தேன். ஊர் திரும்பியபோது முருகன் அருளோடு நீர்க்கடுப்பும் வந்திருந்தது. இதைப் போய் யாரிடம் சொல்வது? கால்வலி என்று சொல்லி, அதற்குப் பிறகு வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

கடைசி வருஷமும் அவர் பூசம் முடிந்து நல்லபடியாகத்தான் வந்தார். பங்குனியில் ஒரு நாள் காலை, கடை ஷட்டரைத் தூக்கியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். அவர் கொண்டுவந்த பஞ்சாமிர்தம் இன்னும் ஃப்ரிட்ஜில் பாதி டப்பா இருந்தது.

அப்புறம் வந்தார்கள், காரணம் சொல்கிறவர்கள்.

"நடந்த புண்ணியந்தான். படுக்கையில கெடந்து சீரழியாமப் போய்ட்டாக" என்றார் எதிர் வீட்டு ரிடையர்டு வாத்தியார். அவர் ஒரு வருஷம்கூட நடந்தவரில்லை. திடகாத்திரமாக இருக்கிறார்.

"ஆயுள் கண்டம். முன்னாடியே எங்கிட்ட வந்திருந்தா ஒரு பரிகாரத்துல தள்ளிப் போட்டிருக்கலாம்" என்றார் ஜோசியர். எமன் என்ன, கெஞ்சினால் தவணையைத் தள்ளி வைக்கிற ஃபைனான்ஸ்காரனா?

இவர்களைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டில் இருக்கும் என் நாத்தனார் ஒரு நாள் அழுகையோடு சொன்னாள் — "நீங்களும் கூட நடந்திருந்தா முருகன் கைவிட்டிருக்க மாட்டான் மதினி."

அவள் கெட்டவள் இல்லை. அண்ணனைப் பறிகொடுத்தவள். ஆனால் அந்தச் சொல் எனக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. அப்படியானால்... அவர் போனதற்கு நான்தான் காரணமா? ஒரு பொம்பளை ஒதுங்க இடமில்லை என்று வீட்டில் இருந்ததற்கா இந்தத் தண்டனை? அப்படிப்பட்ட சாமியை எதற்குக் கும்பிட வேண்டும்?

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் விளக்கேற்றச் சொன்னார்கள். நான் ஏற்றவில்லை. அதற்குப் பிறகும் ஏற்றவில்லை. துக்கம், போகப் போகச் சரியாகிவிடும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நான் செய்தது ஸ்ட்ரைக். கோயில் பக்கம் போகவில்லை, திருநீறு பூசவில்லை. சாமி மாடத்துக்கு முன்னால் நின்று டியூப் லைட்டைப் போடுவேன், அணைப்பேன். முருகனுக்கும் எனக்கும் அவ்வளவுதான் போக்குவரத்து.

போன தை மாதம், மறுபடியும் ரோட்டில் அரோகரா சத்தம். கேட்டைச் சாத்தி வைத்தேன். பொழுது சாயும் நேரத்தில் யாரோ தட்டினார்கள். மஞ்சள் சேலை கட்டிய ஒரு பெண். திருவாடானைப் பக்கமாம்.

"அக்கா, கோவிச்சுக்கிறாதீக. கொஞ்சம் பாத்ரூம் போய்க்கிறவா? காலையிலருந்து அடக்கிக்கிட்டே வாரேன்."

"வழியெல்லாம் பந்தல் போட்டிருக்காகளே?"

"மோர் தாராக, பானகம் தாராக, சுண்டல் தாராக. வாங்கிக் குடிச்சுப்புட்டு எங்குட்டுக்கா போறது? அதான் தண்ணியே குடிக்கல."

எனக்குச் சுருக்கென்றது. பழைய கடுப்பு திரும்பி வந்ததுபோல் இருந்தது. கேட்டைத் திறந்துவிட்டேன்.

கொல்லைப்புறக் கக்கூஸ் என் வீட்டுக்காரர் கட்டியது. கிரீஸ் கையோடு வீட்டுக்குள் வரக்கூடாது என்று தனக்காகவே கட்டிக்கொண்டது. அவர் போனபின் அதன் பல்பு ஃப்யூஸ் ஆகிவிட்டது. பல்பு மாற்றுவது அவர் வேலை. நான் மாற்றவில்லை.

"உள்ள ஒரே இருட்டா இருக்குக்கா. போன்லயும் சார்ஜ் இல்ல" என்றாள்.

கைக்கு என்ன கிடைத்தது தெரியுமா? சாமி மாடத்தில் காய்ந்து கிடந்த அகல். எண்ணெய் விட்டு, திரி போட்டு, ஏற்றிக் கொண்டுபோய்க் கக்கூஸ் ஜன்னலில் வைத்தேன்.

அவள் வெளியே வந்து ரோட்டைப் பார்த்துக் கையாட்டினாள். அவ்வளவுதான், கேட்டிலிருந்து கொல்லை வரை பெண்கள் வரிசை. இவர்கள் ஒருவரை ஒருவர் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார்கள், இல்லையா?

"உள்ள எந்தச் சாமி?"

"சாமி, வெரசா வாங்க. இங்குட்டு ஒரு சாமி தாங்க மாட்டாம நிக்குது."

நான் கும்பிட மாட்டேன் என்றிருந்தேன். அதற்காக இத்தனை சாமி இப்படியா வரும்?

சத்தம் கேட்டு நாத்தனார் ஓடிவந்தாள். ஜன்னலைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"என்ன மதினி இது... சாமி வெளக்கக் கொண்டாந்து கக்கூஸ்லயா வைப்பீக?"

"சாமிகிட்ட டியூப் லைட்டு எரியுதுடி. இங்கதான் இருட்டா இருக்கு."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வரிசையில் நின்ற ஒருத்தி, "அக்கா, வாளித் தண்ணி தீந்துபோச்சு" என்றாள். நாத்தனார் என்னை முறைத்தாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீர் தூக்கப் போனாள்.

எல்லாரும் கிளம்பும்போது திருவாடானைக்காரி கேட்டாள். "உங்க பேரச் சொல்லுங்கக்கா. மலையில சொல்லி வேண்டிக்கிறேன்."

"எம்பேரு வேணாம். எங்க வீட்டுக்காரர் பேரச் சொல்லு."

வாயிலிருந்து வந்தபின்தான் உறைத்தது. பேச்சுவார்த்தையே இல்லை என்று நான் ஒதுக்கியிருந்த முருகனுக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டேனே! வாளியோடு நின்ற நாத்தனார் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள். அவரோடு நடந்த அந்த ஒரு தடவை எனக்கு என்ன ஆனது என்று அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னேன். "இத ஏன் மதினி இம்புட்டு நாளாச் சொல்லல?" என்றாள்.

அவர் ஏன் போனார்? இன்னும் எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று விளங்கியது. முருகன் என்னிடம் ஒரு காரணமும் சொல்லவில்லை. 'நீ நடக்கவில்லை, அதனால்தான்' என்று பழனியிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. சொன்னதெல்லாம் எங்கள் தெரு. தெருவிடம் போட வேண்டிய சண்டையை வருஷம் முழுக்க அவனிடம் போட்டிருக்கிறேன். பாவம், மயில்மேல் உட்கார்ந்துகொண்டு அவனும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு ராத்திரி மாடத்திலும் விளக்கு ஏற்றினேன். நெஞ்சில் சம்மணம் போட்டிருந்த அந்தச் சொல் எழுந்து போயிருந்தது. கொல்லைக்குப் புது பல்பும் போட்டாயிற்று. கரண்ட் போனால் இருக்கட்டும் என்று தனியாக ஓர் அகல்... வாங்கிக்கொடுத்தது நாத்தனார். "சாமி வெளக்கத் தொடாதீக" என்ற கண்டிஷனோடு.

காபியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கமிட்டிக்காரர் குடித்தபடியே ஒரு வழி கண்டுபிடித்தார். "சுகாதார உபயம்னு போடுவமா அக்கா? அண்ணன் படத்த ஓரமாச் சின்னதா..."

"படமே வேணாம். அந்த ஃப்ளெக்ஸ் காசுக்கு வாளியும் மக்கும் வாங்கி வைங்க, போதும்."

அவர் ரசீது புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்தார். வாசல் வரை போனார். நின்றார். நெளிந்தார்.

"அக்கா... பாத்ரூம் எங்குட்டு?"

கொல்லைப் பக்கம் கை காட்டினேன். அப்போது மட்டும் உபயம் யார் என்று அவர் கேட்கவில்லை.