முதுகுத் தட்டும் தோல் வாரும்

அண்ணன் ஓட்டிய டிப்பர் லாரி ஒரு திங்கட்கிழமை காலை, தண்ணீர் நிறைந்த பழைய சுண்ணாம்புக்கல் குழிக்குள் விழுந்தது. ஐப்பசி மழையில் குழியோரத்துப் பாதை உள்ளுக்குள் கரைந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. பின்னால் வந்த லாரிக்காரர்தான் பார்த்தார். அவர் இறங்கி ஓடி வருவதற்குள் தண்ணீர் மூடிவிட்டது என்றார். அண்ணன் மேலே வரவில்லை.

அரியலூரில் அதே சுரங்கத்தின் பணிமனையில் நான் டிராயிங் பிரிவில் இருந்தேன். திருச்சியில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எதையும் வரிசை எண் போட்டு எழுதினால்தான் எனக்கு யோசிக்க வரும். அன்றும் எழுதினேன். ஒன்று, மோட்டார் வைத்துக் குழியை இறைப்பது. இருபது நாளாவது ஆகும். இரண்டு, கிரேன். கொக்கி மாட்ட யாராவது கீழே போக வேண்டும். மூன்று, ஊர்க்காரர்கள் முங்கிப் பார்ப்பது. பார்த்துவிட்டார்கள், பாதி ஆழம்கூடப் போக முடியவில்லை. நான்கு, கடற்கரையிலிருந்து சிலிண்டர் கட்டி முங்குகிறவரை வரவழைப்பது. மேனேஜர் நான்காவதற்குத் தந்தி கொடுத்தார்.

அம்மா குழி மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். உடலை எடுக்கும் வரை எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. தெருக்காரர்கள் தூக்குவாளியில் கொண்டுவந்ததை அவள் தொடவில்லை. யார் போய்ப் பேசினாலும் ஒன்றைத்தான் சொன்னாள்: "மொகத்த ஒரு தடவ பாத்துர்றேன். அப்பறம் எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போங்க."

முங்குகிறவர் தூத்துக்குடியிலிருந்து புதன்கிழமை மதியம் வந்து சேர்ந்தார். நாற்பது வயது இருக்கும். ஒல்லி. இரண்டு சிலிண்டர், ரப்பர் சட்டை, கண்ணாடி முகமூடி, வாயில் கடிக்கும் குழாய் எல்லாம் கொண்டுவந்திருந்தார். சிலிண்டரை முதுகோடு சேர்த்து நிறுத்தும் பிளாஸ்டிக் தட்டு மட்டும் மூன்று துண்டாகக் கிடந்தது. பெரம்பலூரில் பஸ் மாறும்போது கூரையில் யாரோ அதன் மேல் கடலை மூட்டையைப் போட்டிருக்கிறார்கள். சிலிண்டரைச் சுற்றிப் பிடிக்கும் நைலான் வாரும் கொக்கியோடு பிய்ந்திருந்தது. தோளில் மாட்டும் பட்டைகள் மட்டும் பிழைத்தன.

"தட்டு இல்லாம எறங்க முடியாதும்மா. சிலிண்டர் முதுகுல உருண்டா நான் வேலை பாக்க முடியாது" என்றார்.

மேட்டில் நின்ற கூட்டத்தில் ஒருவர், "கடல்ல முங்குறவருக்கு எங்கூரு குட்டை பயமாக்கும்?" என்றார்.

"கடல்ல லாரி கெடக்காது அண்ணாச்சி" என்றார் இவர், திரும்பிப் பார்க்காமல்.

உடைந்த துண்டுகளை நான் வாங்கிக்கொண்டேன். "நான் செஞ்சு தர்றேன்" என்றேன். நான் யாருடைய தங்கை என்று அப்போது அவருக்குத் தெரியாது.

துண்டுகளைப் பொருத்தி வைத்து அளவு எடுத்தேன். பிறகு பொருள். தகரம்: விளிம்பு முதுகைக் கிழிக்கும். தேக்குப் பலகை: தடிமன் அதிகம், ஓட்டை போட்ட இடத்தில் பிளக்கும். அலுமினியம்: லேசானது, வளைக்க எளிது, ஆனால் எங்களிடம் இருந்தது மெல்லிய தகடு, சிலிண்டர் எடைக்கு நெளியும். கன்வேயர் ரப்பர்: விறைப்பு போதாது. மூன்று மில்லிமீட்டர் இரும்புத் தகடு: கனம். கனம் பரவாயில்லையா என்று அவரிடம் ஓடிப்போய்க் கேட்டேன். "தண்ணிக்குள்ள கனம் நல்லதுதான். இடுப்புல கட்டுற ஈயத்துல கொஞ்சம் கழட்டிருவேன்" என்றார். இரும்பு என்று முடிவு செய்தேன்.

நடுவில் முதுகெலும்புக்கு ஒரு பள்ளம். மேலே கழுத்துக்கு வளைவு. பட்டை நுழைய ஆறு வெட்டு. விளிம்பெல்லாம் அரம் போட்டு மழுக்க வேண்டும். வெல்டர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டிராயிங்கம்மா, எல்லாத்தையும் மில்லிக் கணக்குல போட்ருக்கியே, மனுசன் முதுகு மில்லிக் கணக்குலயா இருக்கு?" என்றார். சொன்ன பிறகு யாருக்காகச் செய்கிறோம் என்று நினைவு வந்திருக்க வேண்டும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தகட்டை வெட்ட ஆரம்பித்தார். ஐந்து மணிக்குள் தட்டு முடிந்தது. நான் செய்ததிலேயே ஒழுங்கான பொருள் அதுதான்.

மிச்சம் இருந்தது சிலிண்டரைச் சுற்றிப் பிடிக்கும் வார். இரும்புப் பட்டையை போல்ட் போட்டு இறுக்கலாம் என்றேன். சிலிண்டரை மாற்றும்போது ஸ்பேனரைத் தேட முடியாது, கொக்கி வைத்த வார்தான் வசதி என்றார் அவர். பணிமனையில் நைலான் இல்லை. கடைசல் இயந்திரத்தை ஓட்டும் தட்டைத் தோல் பெல்ட்டில் ஒரு நீளம் மிச்சம் கிடந்தது. இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, கொக்கி தைக்கச் சொன்னேன். மொத்தம் ஐந்து நிமிஷம்.

அவர் அதை இழுத்துப் பார்த்தார். "நனைஞ்சா தாங்குமாம்மா?"

"பெரிய மோட்டாரே இந்தப் பெல்ட்டுலதான் ஓடுது. தாங்கும்."

சோதித்தும் காட்டினேன். சிலிண்டரைத் தட்டில் கட்டி, பாரம் தூக்கும் செயின் பிளாக்கில் அரைமணி நேரம் தொங்கவிட்டேன். உலுக்கினேன். தலைகீழாகப் பிடித்தேன். ஒரு நூல்கூட நகரவில்லை. நனைத்து மட்டும் பார்க்கவில்லை. பணிமனைக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி இருந்தது.

வியாழக்கிழமை காலை அவர் இறங்கினார். குமிழிகள் ஒரே இடத்தில் வந்துகொண்டிருந்தன. பிறகு சிதறின. பிறகு அவரே வந்தார். வாயில் குழாய் இல்லை. மூக்கிலிருந்து ரத்தம். சிலிண்டர் தட்டிலிருந்து நழுவி, பக்கவாட்டில் ஒரு தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. நாலு பேர் கரைக்கு இழுத்தார்கள். வார் ஊறி, வழவழவென்று, நேற்றைக்கு வைத்த ஓட்டையிலேயே கொக்கி நிற்க, ஒரு கை நுழையும் அளவுக்கு நீண்டிருந்தது.

இருமி முடித்துவிட்டு அவர் சொன்னார்: "ஆளப் பாத்துட்டேன். கேபினுக்குள்ளதான் இருக்காப்ல. மொகம் அப்படியேதான் இருக்கு. கதவ நெம்பிட்டே இருந்தேன், சிலிண்டர் எறங்கி வாய்க்குழாயப் புடுங்கிட்டு. இன்னைக்கு இனி எறங்க மாட்டேன். காது ரெண்டும் அடைச்சுக் கெடக்கு."

அந்த வார் தரையில் கிடந்தது. அம்மா அதை எடுத்து இரண்டு கையாலும் இழுத்தாள்.

"தோலா?"

"ஆமாம்மா."

"ஒங்கப்பா கெணத்துல மாடு கட்டிக் கவலை எறச்சப்ப, சாலோட தோலு ஊறி நீளுதுன்னு வாரத்துக்கு ஒருக்கா இழுத்துக் கட்டுவாரே. நீதானடி கயித்தப் புடிச்சிட்டு நிப்பே."

நான்தான் நிற்பேன். ஏழு வயதிலிருந்து, கரண்டு மோட்டார் வந்து கவலையை மூலையில் போடும் வரைக்கும். ஊறிய தோலின் வாசனைகூட எனக்குத் தெரியும். பணிமனைக்குள் அது பெல்ட். வயலில்தான் தோல். இரண்டும் ஒன்று என்று அந்த ஐந்து நிமிஷத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. அம்மா திட்டவில்லை. வாரை என் கையில் கொடுத்துவிட்டுப் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

அன்று மாலை இரும்புப் பட்டையில் காதுமடல் போல இரண்டு முனை வைத்து, கையால் திருகும் நட்டு போட்டேன். ஸ்பேனர் தேவைப்படவில்லை. இதை முதலிலேயே செய்திருக்கலாம். தொட்டியில் இரவு முழுக்க ஊறவைத்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் அவர் மறுபடி இறங்கினார். தட்டு அசையவில்லை. இரும்புப் பட்டையும் அசையவில்லை. இரண்டாவது சிலிண்டர் தீரும் முன் கதவைத் திறந்து, கயிறு கட்டி, மேலே அனுப்பிவிட்டார். கரையில் நின்ற ஆண்கள் தார்ப்பாயோடு சுற்றி நின்றுகொண்டார்கள். மேனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டு, "அம்மாவை விட வேண்டாம்மா" என்றார். நான் போய்ப் பார்த்தேன். பார்த்ததை எழுதப் போவதில்லை.

கால்களை மட்டும் வெளியே விட்டு மூடினார்கள். அம்மா இடது குதிகாலில் இருந்த பழைய வெட்டுத் தழும்பைத் தடவினாள். "அவன் காலுதான்" என்றாள். பிறகு எல்லோரையும் நிமிர்ந்து பார்த்தாள். "மொகம்?" யாரும் நகரவில்லை. இரண்டு சித்தப்பாக்கள் அவளைத் தோளோடு பிடித்துக்கொண்டார்கள். அவள் திமிறவும் இல்லை.

தூத்துக்குடிக்காரர் போகும்போது இரும்புத் தட்டை எடுத்துக்கொண்டார். "நல்ல தட்டும்மா" என்றார். நன்றி சொல்லத்தான் சொன்னார் என்று தெரியும். தட்டு செய்த புதன்கிழமை நான் எழுதிய தாள் இன்னும் டிராயிங் கோப்பில் இருக்கிறது. தட்டுக்குப் பதினோரு வரி. வாருக்கு ஒரு வரி: 'இருக்கும் பெல்ட்டை வெட்டிக்கொள்ளலாம்.'

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் பஸ் ஏறிய பிறகு, அம்மா அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"வியாழக்கெழமயே எடுத்திருந்தா மொகத்தப் பாத்திருப்பேன்ல?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாலு நாள் தண்ணீரில் கிடந்த உடம்பு எந்தக் கிழமை எடுத்தாலும் ஒன்றுதான் என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். ஆனால் முங்கியவர் சொன்னதை அவளும் கேட்டிருந்தாள்.

"பாத்திருப்பம்மா" என்றேன்.

அவள் கழுநீரை வடித்துவிட்டு, அரிசியை உலையில் போட்டாள்.