நடுவில் ஒரு கிளாம்ப்

என் பிழைப்பே குழாய்க்குக் கணக்குப் போடுவதுதான். சூட்டில் எந்தக் குழாய் எவ்வளவு நீளும், நீண்டால் எங்கே இடிக்கும் என்று முன்கூட்டியே சொல்வதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

போன மாசம் ஒரு ஞாயிறு, என் வீட்டு வெந்நீர்க் குழாய் பிய்த்துக்கொண்டது. பாத்ரூமுக்குள் இருந்தவர் என் மனைவியின் அக்கா. பாரிஸ்காரர்!

காரைக்காலில் பாதிப் பேருக்கு பிரான்சில் ஒரு சொந்தம் இருக்கும். எங்களுக்கு பிலோமினா அக்கா. ஒவ்வொரு தடவை வரும்போதும் ஹோட்டலில்தான் தங்குவார். "உங்க வீட்ல வெந்நீரை வாளியில தூக்கிட்டு வரணுமே ஸ்டெல்லா..." என்பார். இந்தத் தடவை ஸ்டெல்லா கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்திருந்தாள். அக்கா தன் வீட்டில் தங்க வேண்டும். அவளுக்கு அது பல வருஷத்து ஆசை.

மொட்டைமாடியில் சோலார் ஹீட்டர் வாங்கி வைத்தேன். அங்கிருந்து கீழே பாத்ரூமுக்கு இரும்புக் குழாய்.

குழாய் சூடானால் நீளும். இரண்டு முனையையும் இறுக்கிப் பிடித்தால் எங்கே போய் நீளும்? அதனால் நடுவில் ஒரு வளைவு விட வேண்டும். அது வளைந்துகொடுக்கும். அந்த வளைவு போதுமா என்று பார்க்கக் கம்ப்யூட்டரில் பெரிய கணக்கு உண்டு. சோம்பேறிகளுக்குச் சுருக்கு வழியும் உண்டு — குழாயின் பருமன், அது நீளப் பார்க்கும் அளவு, நேர்க்கோட்டைவிட எவ்வளவு சுற்றிக்கொண்டு போகிறது... மூன்றையும் வைத்து ஒரு வகுத்தல். விடை வரம்புக்குள் வந்தால் பாஸ்.

காலண்டர் தாளின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன். பாஸ். அதுவும் டிஸ்டிங்ஷனில்!

இந்தச் சுருக்கு வழிக்கு ஒரு நிபந்தனை உண்டு. முனைகளைத் தவிர நடுவில் எங்கேயும் குழாயைப் பிடித்துக் கட்டக் கூடாது. ஆபீஸில் இதை நான் சொல்லிச் சொல்லி, என்னைக் கண்டாலே ஆட்கள் கேன்டீன் பக்கம் ஒதுங்குவார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டு சுல்தான் பாய் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். முன்சுவரில் என் வளைவு, காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"என்ன சார், உங்க வீட்டுக்குக் குடல் இறங்கிடுச்சா?"

சிரித்தேன். உள்ளே போனேன். டிரில்லிங் மெஷினை எடுத்தேன். வளைவைச் சுவரோடு பிடிக்க நல்ல கனமான கிளாம்ப், நாலு ஸ்க்ரூ. குடல் சுவரோடு ஒட்டியது. ஆட்டம் நின்றது. பார்க்க அம்சமாக இருந்தது.

மறுநாள் நல்ல வெயில். சர்ச்சில் பூசை முடிந்து வந்த அக்கா குளிக்கப் போனார். கொஞ்ச நேரத்தில் 'டக்'கென்று ஒரு சத்தம். பின்னாலேயே டைல்ஸ் விழுந்து நொறுங்கியது. "மோன் தியூ!" என்று அக்கா பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டார்.

நல்லவேளை, வெந்நீர் பீய்ச்சியது கூரையைப் பார்த்து. அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. தலையில் துண்டோடு வெளியே வந்து நேராகத் தன் பெட்டி இருந்த அறைக்குள் போய்விட்டார்.

ஸ்டெல்லா வெளியே வந்து சுவரை அண்ணாந்து பார்த்தாள். அப்புறம் என்னை.

"ஏங்க, உங்களை நம்பியா உங்க கம்பெனியில பாய்லர் ஓட்டுறாங்க?"

கண் கலங்கியிருந்தது. அக்கா கிளம்பிவிடுவார் என்ற பயம்.

கணக்கு சரிதான். எதிர்வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்பதைப் போடத்தான் அந்தச் சூத்திரத்தில் இடமில்லை. மனுஷனும் அப்படித்தானே? வளைந்துகொடுக்க இடம் விட்டுத்தான் வாழ ஆரம்பிக்கிறோம். நாலு பேர் பார்வைக்காக நாமே நாலு ஸ்க்ரூ முடுக்கிக்கொள்கிறோம்...

பரிகாரமாக மறுநாள் காலையிலிருந்து நானே அடுப்பில் வெந்நீர் போட்டேன். வாளியில் தூக்கிக்கொண்டு போய் பாத்ரூம் வாசலில் வைத்துவிட்டு, வேலைக்காரன் மாதிரி ஒதுங்கி நின்றேன். அக்கா பெட்டியைக் கட்டவில்லை. வந்த லீவு முழுக்க எங்கள் வீட்டிலேயே இருந்தார்.

கிளம்பும்போது ஸ்டெல்லாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சொன்னார்:

"அடுத்த வருஷமும் இங்கதான் வருவேன். தம்பியை மட்டும் அந்தக் குழாயைச் சரிபண்ண விட்டுடாதே."