முந்தல் மதகில் மூன்று பலகைகள்

ஆலங்குடாவில் நான் கட்டும் வீட்டின் மேல்தளத்துக்கு மரைன் பிளைவுட்டா, பலா மரமா? அதை முடிவுசெய்யத்தான் சென்ற சனிக்கிழமை இந்தப் பயணம் போனேன். கடற்கரையில் வீடு கட்ட நினைப்பவர்களுக்கு இது உதவலாம்.

பிளைவுட் என் தேர்வு. ஒட்டுப் பலகை உப்புக் காற்றில் உரிந்துவிடும் என்பது காலஞ்சென்ற என் கணவரின் தம்பி அந்தோனியின் வாதம். ஆகவே முந்தலில் அவருடைய இறால் பண்ணை மதகில் மூன்று துண்டுகளை அறைந்து வைத்தோம்: நீர் தாங்கும் பசையிட்ட மரைன் பிளைவுட், உள்வேலைக்கான சாதாரண பிளைவுட், அவருடைய பலாப் பலகை. நீர் ஏறினால் நனையும், இறங்கினால் வெயிலில் காயும். ஒரு இறால் வளர்ப்பு முடியும்வரை, அதாவது ஏறத்தாழ நான்கு மாதம், யாரும் தொடக்கூடாது. தோற்றால் வீட்டு வேலை முழுவதையும் அவர் கையில் விடுவதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன். என் காணியில் இன்னொருவர் சொற்படி எழும்பிய வீட்டில் குடியிருக்கும் எண்ணமோ எனக்கில்லை.

சிலாபத்தில் காலை 6.45க்குப் புத்தளம் பஸ். முந்தலுக்கு ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர், 140 ரூபாய். இடப்பக்கம் உட்காருங்கள், வலப்பக்கம் வெயில். முந்தலில் நிஸ்தாரின் ஓட்டோவைப் பேசினேன்: பண்ணையில் காத்திருந்து ஆலங்குடாவில் இறக்க 5,500.

அந்தோனி கத்தியோடு மதகில் நின்றார்.

"மச்சாள், பாணுக்கு ஜாம் பூசின மாதிரி பசை பூசின பலகை. தொட முதலே கழண்டிருக்கும்."

"முதல்ல கத்திய வைச்சுப் பாருங்கோ. பிறகு கதையுங்கோ."

சாதாரண பிளைவுட் நனைந்த கொப்பிபோலத் தாள் தாளாக வந்தது. அவர் முகம் மலர்ந்தது. மரைன் பிளைவுட்டில் கத்தி முனை நுழையவே இல்லை. பாசியைச் சுரண்டியதுதான் மிச்சம். கைப்பையிலிருந்த இரும்பு அடிமட்டத்தை அதன்மேல் நிறுத்தினேன். இடைவெளியே இல்லை. அடுக்குக்கு அடுக்கு நார் குறுக்காகப் போவதால் அது வளைவதில்லை. பலாவில் நிறுத்தியபோது நடுவில் விரல் நுழைந்தது. சரியாகக் காயாத மரம்.

நிஸ்தார் எட்டிப் பார்த்தார். "அந்தோனி அண்ணன், இது பலகையா, தோணியா?"

"நீ உன்ட ஓட்டோவப் பாருடா," என்ற அந்தோனி என் பக்கம் திரும்பினார். "சரி மச்சாள். உங்கட வீடு, உங்கட இஷ்டம்."

"ஓம், அதத்தானே முதல்ல இருந்து சொல்றன்."

அவரும் ஓட்டோவில் ஏறிக்கொண்டார். பாலாவியில் இடப்பக்கம் திரும்பி, காற்றாலைகளைத் தாண்டி, பதினொரு மணிக்கு ஆலங்குடா. வாசலில் பிளைவுட் அடுக்கியிருந்ததைக் கண்டு திகைத்தார்.

"இது எப்ப வந்தது?"

"நேற்று. தோக்கிறதுக்கா பந்தயம் கட்டினன்?"

மாலைக்குள் தச்சு பாஸ் முதல் வரிசையைப் பூட்டிவிட்டார். மேலே ஏறிச் செருப்புக் காலால் ஓங்கி மிதித்தேன். ஒரு கிறீச்சொலி இல்லை. தென்னைகளுக்கு அப்பால் கடல் விரிந்து கிடந்தது. என் காணியிலிருந்து அதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

நன்றாகக் காய்ந்த பலா கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள். அது மோசமான மரமல்ல. பிளைவுட் என்றால் கடைக்காரர் சொல்லும் பெயரை நம்பாமல், ஒரு துண்டு கேட்டு வாங்கி நனைத்துக் காயவைத்துப் பாருங்கள். வெட்டிய ஓரங்களைப் பெயின்ட் பூசி மூடுங்கள். துருப்பிடிக்காத ஸ்க்ரூ போடுங்கள். மிஞ்சும் துண்டுகளை எறிய வேண்டாம். என்னிடம் மிஞ்சியதில் இரண்டை அந்தோனி கேட்டு வாங்கிப் போனார். மதகுக்கு வேண்டுமாம்.