உருளைமேல் ஓட்டும் உத்தியோகம்

கார் ஓட்டுவதுதான் என் பிழைப்பு. ஆனால் அங்கே நான் ஓட்டும் கார் ஓர் அடிகூட நகராது. புதிய வண்டிகள் விடும் புகையை அளக்கும் கூடத்தில் வேலை. சக்கரங்கள் இரும்பு உருளைகளின் மேல் சுற்றும். எதிரே திரையில் ஒரு கோடு ஏறும், இறங்கும். அது காட்டும் வேகத்தில் பிசகாமல் இருபது நிமிடம் ஓட்ட வேண்டும். ஏசி போடக் கூடாது. குறுக்கே மாடு வராது, தண்ணீர் லாரி வராது. என் கால் கோட்டை விட்டு விலகியதே இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

அந்தத் திமிரில்தான் மயிலாப்பூரில் லஸ் பக்கம், சாலையைப் பார்த்த முதல் மாடி வீட்டை வாங்கினேன். மனைவி வேண்டாம் என்றாள். பெண்ணுக்கு அப்போதே லேசாக இழுப்பு. இப்போது வரும் வண்டிகளில் புகை எங்கே இருக்கிறது, தினமும் அளப்பவன் நான்தானே என்று சொல்லி மனைவியின் வாயை அடைத்தேன். வேறு உத்தியோகத்தில் இருப்பவன் யாரும் இந்த முட்டாள்தனத்தை இவ்வளவு தைரியமாகச் செய்திருக்க மாட்டான்.

பிறகு மெட்ரோ வேலைக்காகச் சாலையில் பாதியை அடைத்தார்கள். ஜன்னலுக்குக் கீழே நாள் முழுக்க வண்டிகள் நின்றன. பல, நான் ஓட்டித் தேறிய மாடல்கள். என் திரைக் கோட்டிலும் நிற்பது உண்டு, ஆனால் அளவாக நின்று சொகுசாகக் கிளம்பும். ஏசியோடு, ஐந்து பேரைச் சுமந்து, இப்படி முக்கி முக்கி நகர்வது அதில் கிடையாது. இப்போதெல்லாம் புகை அளக்கும் கருவியை வண்டியில் கட்டிச் சாலையிலும் ஓட்டிப் பார்க்கிறார்கள். அந்தச் சாலை நிச்சயமாக எங்கள் தெரு இல்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம் பெண்ணுக்கு மூச்சே பிடிபடவில்லை. இன்ஹேலருக்கும் கேட்கவில்லை. தி.நகரில் இருக்கும் டாக்டரிடம் காரில் கிளம்பினோம். ஆழ்வார்பேட்டை தாண்டுவதற்குள் மாட்டிக்கொண்டோம். ஜன்னல்களை மூடி ஏசியை முழுதாக வைத்தேன். பின் சீட்டில் அம்மாவின் மடியில் அவள் விலா குழிந்து குழிந்து எழுந்தது. மனைவி அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

பின்னால் நின்ற ஆட்டோக்காரர் இறங்கி வந்து ஜன்னலைத் தட்டினார். கொஞ்சமாக இறக்கினேன்.

"சார், கொஞ்சம் வண்டிய ஆஃப் பண்ணு சார். என் ஆட்டோல கைக்கொயந்த கீது. உன் பொக அது மூஞ்சிலயே அடிக்குது."

இப்படி நிற்கும்போது அந்தக் குழாயிலிருந்து என்ன வரும் என்று அந்தச் சாலையில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இருந்திருக்க முடியாது. இன்ஜினை அணைத்தால் ஏசி நிற்கும். ஜன்னலை இறக்கியாக வேண்டும். வெளிக்காற்று என் பெண்ணுக்கு எமன். ஜன்னலை ஏற்றிவிட்டேன்.

வரிசை நகரும்வரை இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. டாக்டர் நெபுலைசர் வைத்ததும் பெண்ணுக்கு மூச்சு சீரானது. சாலையில் நின்ற அவ்வளவு நேரமும் ஆட்டோவில் இருந்த குழந்தையை நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இன்ஜினை அணைத்துவிடுவேன் என்று பயந்துதான் பார்க்கவில்லை.