விசிலக்காவின் கெண்டைக்கால்

ஓடுகிற பஸ்ஸில் ஒரு கண்டக்டர் பயணியின் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள் என்று கேள்விப்பட்டால், ஏதோ சில்லறைத் தகராறு என்றுதான் யாருக்கும் தோன்றும். விசிலக்கா விஷயத்தில் அப்படி இல்லை. பாலத்து ஏற்றத்தில் வண்டி உறுமிக்கொண்டு ஏறும்போது அவளுடைய இடது கெண்டைக்கால் சதை முறுக்கேறிய கயிறு மாதிரி இழுத்துப் பிடித்துக்கொண்டது. குரக்குவலி. வலியில் மேலே கம்பிக்குக் கையை வீசினாள். கம்பி அகப்படவில்லை. இடதுபக்க ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மனிதரின் தலை அகப்பட்டது. பாவம், அவருக்கு முடி இருந்ததே கொஞ்சம். அதிலும் கொஞ்சம் அவள் கையோடு வந்துவிட்டது.

அவர் நேரே டிப்போவுக்குப் போய்விட்டார். டிப்போ மேனேஜர் கெட்டவர் இல்லை. யார் வந்தாலும் உட்காரச் சொல்வார், யார் சொன்னாலும் தலையாட்டுவார். விசிலக்காவையும் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"இன்னொரு தடவை ஓடுற வண்டியில கால் இழுத்துச்சுன்னு காதுல விழுந்தா, பாஸ் குடுக்கிற கவுன்ட்டர்ல உக்கார வச்சிருவேம்மா. ஃபேனுக்குக் கீழ நாற்காலி. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார்.

உன் நல்லதுக்கு. அந்தச் சொல்லைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பள்ளிக்கூடத்தைப் பாதியில் நிறுத்தும்போது அவள் அப்பா சொன்னது அதுதான். மூத்த அக்காளைத் தூரத்து ஊரில் கட்டிக்கொடுத்தபோது தாய்மாமன் சொன்னதும் அதுதான். அவள் கண்டக்டர் வேலைக்கு எடுபட்டு, பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்த அன்றைக்கு, "பொம்பளை வாயில விசிலா?" என்று கேட்டுவிட்டு மாமனார் கடைசியில் சேர்த்துக்கொண்டதும் அதுவேதான். அவள் நேரே முற்றத்துக்குப் போய் நின்று ஒரு விசில் அடித்தாள். பக்கத்து வீட்டுக் குழந்தை விழித்துக்கொண்டு அழுததுதான் மிச்சம். அதிலிருந்து தெருவில் அவளுக்கு விசிலக்கா என்று பெயர் நிலைத்தது. பிறகு பயணிகளும் அப்படியே கூப்பிட்டார்கள்.

அந்த வேலை அவளுக்கு உயிர். பின்படிக்கட்டில் ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக நின்றால் முகத்தில் அறைகிற காற்று, அவள் ஊதினால் நிற்கிற, அவள் ஊதினால் நகர்கிற அவ்வளவு பெரிய வண்டி, இதையெல்லாம் விட்டுவிட்டுக் கம்பிவலைக்குப் பின்னால் போய்க் குந்திக்கொள்ள அவள் தயாரில்லை. டிரைவர் அண்ணன் அதிகம் பேசாத மனிதர். அன்றைக்கு அவர் கேட்டது, "கவுன்ட்டருக்குப் போறியா தங்கச்சி?" என்று மட்டும்தான். அவள் சொன்னாள்: "என்னை இந்த வண்டியிலேர்ந்து எறக்கணும்னா படிக்கட்டோட சேத்து அறுத்துத்தான் எறக்கணும்."

ஆனால் காலுக்கு இந்த வீறாப்பெல்லாம் தெரியுமா? அது தன்பாட்டுக்கு இழுத்தது.

விஷயம் வெளியே தெரிந்ததும் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு வைத்தியத்தோடு கிளம்பினார்கள். பெரியம்மா பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயோடு வந்தாள். தேய்க்கும்போது இதமாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாள் பஸ்ஸில் விசிலக்கா நகர நகரப் பயணிகள் மூக்கைத் திருப்பிக்கொண்டார்கள். மாமியார் வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைக்கச் சொன்னாள். அதுவும் சுகமாக இருந்தது, தண்ணீர் சூடு ஆறும் வரைக்கும். ஒன்றுவிட்ட தங்கை படுக்கை விரிப்புக்கு அடியில் சோப்புக்கட்டி வைக்கச் சொன்னாள். வைத்ததில் விசிலக்காவின் கால் அப்படியேதான் இருந்தது, புருஷனுக்கு மட்டும் தும்மல் பிடித்துக்கொண்டது. எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவள் நாத்தனார். புருஷனுக்கு மூத்தவள், அதனால் அவள் சொல்வதற்கு மறுசொல் கிடையாது. இரும்புச் சாவி ஒன்றைக் கையிலேயே வைத்துக்கொண்டால் எந்த இழுப்பும் கிட்டே வராதாம். பழைய பீரோச் சாவி ஒன்றைக் கொண்டுவந்து டிக்கெட் பைக்குள் தானே போட்டாள். அந்த வாரமே சந்தை நிறுத்தத்தில் திரும்பவும் இழுத்தது. டிரைவர் அண்ணன் வண்டியில் ஏதோ சத்தம் கேட்பதாகச் சொல்லி இறங்கி, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, அவள் கால் விடுகிற வரைக்கும் நேரத்தை ஓட்டிவிட்டார். மேனேஜர் காதுக்குப் போகவில்லை. இப்படி எத்தனை நாள்?

அவள் அம்மா மட்டும் எந்த வைத்தியமும் சொல்லவில்லை. "நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்கே இது உண்டுடி. எங்கம்மாவுக்கு இருந்துச்சு, எனக்கு இருக்கு, உன் சித்திக்கு இருக்கு. வம்சத்துல வந்தத எந்த எண்ணெயைப் போட்டு எறக்குவே?" என்று சொல்லிவிட்டுத் தன் காலைத் தானே பிடித்துவிட்டுக்கொண்டாள்.

கடைசியில் விசிலக்கா அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே இருந்த டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்து, சர்க்கரை ஒன்றும் இல்லை என்றார். காலில் வீக்கம் இருக்கிறதா, மரத்துப் போகிறதா என்று அமுக்கிப் பார்த்தார். பிறகு, காலையிலிருந்து எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாய் என்று கேட்டார். விசிலக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் ஒரு காபி குடித்துவிட்டுக் கிளம்பினால், வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகுதான் சொம்பைத் தொடுவாள். நடுவில் குடித்தால் போகவேண்டி வருமே, போக இடமேது?

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். வெளியே நீண்டு கிடந்த வரிசையை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நானும் காலையிலேர்ந்து குடிக்கல. இந்தக் கூட்டத்த விட்டுட்டு எப்படி எந்திரிக்கிறது? எனக்கும் இழுக்கும்" என்றார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அதன்பிறகு அவர் எழுந்து வந்து சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகாலைத் தரையில் அழுத்திக் காட்டினார். தினமும் இப்படிச் சதையை நீட்டிவிட வேண்டும். இழுத்துப் பிடித்தால் காலை மடக்கிச் சுருட்டிக்கொள்ளாமல், முட்டியை நீட்டி, கால்விரல்களைத் தன் பக்கமாகப் பிடித்து இழுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் தண்ணீர். "சொல்றது உனக்கு மட்டுமில்ல, எனக்கும்தான்" என்றார்.

பஸ் ஏறி வீடு திரும்புகிற வழியெல்லாம் விசிலக்கா தன் சொந்தத்தை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். அம்மா இளவயதில் செங்கல் சூளையில் வேலை பார்த்தவள். சுற்றிலும் வெட்டவெளி, ஒதுங்க ஒரு புதர் கிடையாது. சித்தி சந்தையில் மீன் விற்றவள், கூடையை விட்டுவிட்டு நகர முடியாது. மூத்த அக்காள் பள்ளிக்கூட டீச்சர். அங்கே இருக்கிற ஒரே ஒரு கதவுக்கும் தாழ்ப்பாள் இல்லை. சித்தி மகள் துணிக்கடையில் நிற்கிறவள், மாடியில் இருக்கிற கக்கூசுக்குப் போக வேண்டுமானால் சூப்பர்வைசரிடம் விரலைக் காட்டிக் கேட்க வேண்டும். எல்லோருக்கும் கால் இழுக்கும். அதே வம்சத்தில் பிறந்த கடைசிச் சித்திக்கு மட்டும் இழுத்ததே கிடையாது. அவள் வீட்டோடு தையல் மிஷின் போட்டு மிதிமிதியென்று மிதிப்பவள். மற்றவர்களைவிட அவள் காலுக்குத்தான் வேலை அதிகம். ஆனால் பக்கத்தில் பானை இருந்தது, கொல்லையில் கதவு இருந்தது.

வம்சமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை என்று அவள் வாய்விட்டே சொன்னாள். பக்கத்து சீட்டில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

மறுநாள் பெரிய பாட்டில் ஒன்றில் தண்ணீரோடு வேலைக்குப் போனாள். அவள் வண்டி திரும்புகிற கடைசி நிறுத்தத்தில் டைம் கீப்பர் அறைக்குப் பின்னால் இரண்டு கதவுகள் உண்டு. ஒன்று ஆண்களுக்கு, அது எப்போதும் திறந்தே கிடக்கும். மற்றது பெண்களுக்கு, அதில் அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பூட்டுத் தொங்குகிறது. உள்ளே டைம் கீப்பருடைய சைக்கிளும் பழைய விளக்குமாறுகளும் இருப்பது எல்லோருக்கும் தெரியும். சாவி கேட்டாள். மேனேஜர் சொன்னால் தருகிறேன் என்றார் டைம் கீப்பர். மேனேஜரிடம் போனாள். அதெல்லாம் டைம் கீப்பர் பார்த்துக்கொள்வார் என்றார் மேனேஜர். திரும்ப வந்தாள். சாவி தொலைந்துவிட்டதாம். எதிர்வீட்டில் போய்க் கேளேன், நல்ல மனுஷர்கள்தான் என்று வழியும் சொன்னார். அந்த வீட்டு வாசலில் அவள் முன்பு ஒருமுறை நின்றிருக்கிறாள். கதவைத் திறந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்த முகச்சுளிப்பை அவள் மறக்கவில்லை.

அதற்கடுத்த நாள் வண்டி எடுக்கும்போதே டிரைவர் அண்ணனிடம் சொல்லி வைத்தாள். அவர் யோசிக்கவே இல்லை. "நீ ஊது, நான் நிறுத்துறேன். பிரேக்கு பின்ன எதுக்கு இருக்கு?" என்றார்.

வழியெல்லாம் தண்ணீர் குடித்துக்கொண்டே டிக்கெட் கிழித்தாள். பாலம் தாண்டிப் பெட்ரோல் பங்க் வந்தது. அங்கே பெண்களுக்கென்று சுத்தமான கதவு ஒன்று உண்டு. விசில் ஊதினாள். வண்டி நின்றது. நிறுத்தமே இல்லாத இடத்தில் நிற்கிறதே என்று எல்லாத் தலையும் திரும்பியது. அவள் பையை டிரைவர் அண்ணனிடம் கொடுத்துவிட்டு, பஸ் நிறைய இருந்த ஆட்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"எல்லாரும் கேட்டுக்கங்க. வண்டியில கோளாறு ஒண்ணும் இல்ல. கண்டக்டருக்கு ஒண்ணுக்கு வருது. போயிட்டு வந்துர்றேன்."

பின்சீட்டில் காலேஜ் பையன்கள் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். ஆபீஸ் பை வைத்திருந்த ஒருவர், இதையெல்லாமா வாய்விட்டுச் சொல்வார்கள் என்று முணுமுணுத்தார். அவருக்கு முன்னால் காய்கறிக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்பிள்ளை திரும்பினாள். "ஏன் தம்பி, சொல்லாம போனா உள்ள வேற எதாச்சும் நடக்குமா?" என்று கேட்டுவிட்டு, கூடையை அவர் மடியிலேயே வைத்தாள். "பாத்துக்க. நானும் போயிட்டு வந்துர்றேன்." அவளுக்குப் பின்னால் வாயும் வயிறுமாக ஒருத்தி எழுந்தாள். அப்புறம் இன்னொருத்தி. பெட்ரோல் போட வந்தவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி நின்ற வரிசையைப் பார்த்துத் திகைத்தார்கள்.

வண்டி தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். இந்தத் தடவையும் உட்காரச் சொன்னார். ஏன் நிறுத்தினாய் என்று கேட்டார். அவள் பஸ்ஸில் சொன்ன அதே வார்த்தையைச் சொன்னாள். அவர் முகம் சிவந்து ஃபேனைப் பார்த்தார். டயரில் காற்று இறங்கியது என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துபோகும் என்றார்.

"டயருக்கு ஒண்ணும் ஆகல சார். நான் எதுக்குப் பொய் சொல்லணும்?"

"அதுக்குத்தாம்மா கவுன்ட்டருக்குப் போங்கறேன். அங்க எல்லா வசதியும் இருக்கு."

"அப்போ நாற்காலிக்கு வசதி இருக்கு, பொம்பளைக்கு இல்ல. அந்தக் கதவத் தொறந்து விடுங்க, என் கால் இழுக்காது. தொறக்கலேன்னா நாளைக்கும் அதே எடத்துல நிக்கும் வண்டி. நாளன்னைக்கும் நிக்கும். நீங்க எழுதுறத எழுதிக்கங்க."

மறுநாளும் நின்றது. டிப்போவில் இருந்த மற்ற பெண் கண்டக்டர்களில் ஒருத்தி, எல்லார் மானத்தையும் வாங்கிவிட்டாய் என்று அவளோடு பேசுவதையே விட்டாள். இன்னொருத்தி ஆற்றங்கரை வண்டிக்காரி. அவள் வண்டியும் அன்றைக்கு வழியில் நின்றதாகத் தகவல் வந்தது. மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டு, கதவைத் திறக்கச் சொல்லி டைம் கீப்பருக்கு உத்தரவு போட்டார். சாவி தொலைந்தது தொலைந்ததுதான் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார்.

விசிலக்காவின் புருஷன் வெல்டிங் வேலை செய்கிறவன். அதுவரை அவனும் கவுன்ட்டர் கட்சிதான். நிழலில் உட்கார்ந்து சம்பாதிக்க இவளுக்கென்ன கேடு என்று அவன் தன் அக்காளிடம் புலம்பியது விசிலக்காவுக்கும் தெரியும். ஆனால் காலையில் அவள் சுவரைப் பிடித்துக் கால் நீட்டிக்கொண்டே டிப்போக் கதையைச் சொன்னபோது, சாவி தொலைந்தது என்ற இடத்தில் அவனுக்குள் இருந்த தொழிலாளி விழித்துக்கொண்டான். என்ன பூட்டு, எவ்வளவு கனம் என்று கேட்டான். அன்றைக்கே கண்ணுக்கு மாட்டுகிற கறுப்புக் கண்ணாடியும் சிலிண்டருமாகத் தள்ளுவண்டியில் கடைசி நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்துவிட்டான்.

"தள்ளி நில்லுங்க சார், பொறி பறக்கும். உள்ள ஏதோ சைக்கிள் இருக்காமே, ரப்பர் பத்திக்கப் போவுது" என்றான்.

தொலைந்த சாவி டைம் கீப்பரின் சட்டைப் பையிலேயே கிடைத்தது.

விளக்குமாறுகளை வெளியே எறிந்து, தண்ணீர் விட்டுக் கழுவியது விசிலக்காவும் ஆற்றங்கரை வண்டிக்காரியும். பேசாமல் இருந்தவளும் சாயங்காலம் வந்து, யாரையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டு, யாரையும் பார்க்காமல் போனாள். பத்திரமாக வைத்திருப்பதாகச் சொல்லி டைம் கீப்பர் சாவிக்குக் கை நீட்டினார்.

"வேணாம் சார். அந்த ஆணியில தொங்கட்டும், தேவைப்படுறவ எடுத்துக்குவா. உங்க சைக்கிளுக்கு நீங்க வேற எடம் பாருங்க" என்றாள் விசிலக்கா.

அதன்பிறகு கால் இழுக்கவே இல்லையா என்று கேட்டால், இழுக்கும், எப்போதாவது. வெயில் உச்சியில் இருக்கிற நாளில் சதை லேசாகத் துடிக்கும்போதே அவள் படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலைக் கீழே இறக்கி நீட்டிவிடுவாள். இரண்டு மடக்குத் தண்ணீர் குடிப்பாள். மேனேஜர் கவுன்ட்டர் பேச்சை அதற்கப்புறம் எடுக்கவில்லை. முடி பறிகொடுத்தவர் இப்போதும் அந்த வண்டியில்தான் வருகிறார். ஆனால் வலதுபக்க சீட்டில், தொப்பியோடு.

நாத்தனார் மட்டும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள், எல்லாம் தன் வைத்தியம்தானாம். விசிலக்காவிடமே வந்து சொன்னாள்: "நான் அப்பவே சொன்னேனா இல்லையா, இரும்புச் சாவின்னு?"

"சொன்னீங்க அண்ணி. எந்தப் பூட்டோட சாவின்னுதான் சொல்லாம விட்டுட்டீங்க" என்று சொல்லிவிட்டு, விசிலக்கா பாட்டிலை நிரப்பிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.