பெரட்டுக்குப் பிந்திய மரியாயி

தேயிலைத் தோட்டத்தில் விடியலில் எல்லாரையும் நிறுத்தி, பெயர் வாசித்து, வேலை பிரிப்பதுதான் பெரட்டு. இன்று எங்கள் லயத்து, அதாவது எங்கள் வரிசை வீட்டு, மரியாயி பிந்தி வந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல்.

“இன்னிக்குப் பேரு இல்ல, போ” என்றார் கங்காணி.

“கூடையோட வந்து நிக்கிறேனுங்களே.”

“பெரட்டு கலைஞ்சிருச்சு.”

மதியம் பதுளையில் பாதிரியாரிடம் அந்தச் சொல்லைப் பற்றிக் கேட்டேன். உற்சாகமாகிவிட்டார்.

“ஆங்கிலப் பரேட்தான் அது. வேர் லத்தீன், ஆயத்தமாவது என்று அர்த்தம். ஆங்கிலத்தில் அணிவகுப்பு ஆனது. போர்த்துக்கேயத்தில் நின்றுபோவது.”

“மரியாயி ஆயத்தமாத்தான் வந்தா. தோட்டத்த நடத்துற துரைக்கும் லத்தீன் தெரியுமே, சொல்லுங்க சாமி.”

“துரையிடம் லத்தீன் பேசலாம் தம்பி. பெரட்டைப் பற்றிப் பேச முடியாது.”

மரியாயிக்கு இன்று வேலை நின்றது. ஆக, எங்கள் தோட்டத்தில் போர்த்துக்கேயம்தான் நடக்கிறது.

உங்கள் தோட்டத்தில் எந்த மொழி?