வீட்டுக்கு ஓர் ஆள்

எங்கள் தோட்டத்தில் யார் செத்தாலும் வீட்டுக்கு ஓர் ஆண் குழி வெட்டப் போக வேண்டும். ஆள் அனுப்பாத வீட்டில் சாவு விழுந்தால் ஒருவரும் மண்வெட்டியைத் தொட மாட்டார்கள். மரணச் சங்கத்தின் சட்டம் இது. சட்டமாகப் பார்த்தால் அழகானதுதான். கங்காணி வீட்டுக்கும் கூலி வீட்டுக்கும் ஒரே அளவு. தொண்ணூறுகளின் கடைசியில் நான் உயர்தரப் பரீட்சைக்கு அளவையியல் எழுதிவிட்டு, நாங்கள் குடியிருந்த லயத்துக்கும் யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவுக்கும் நடுவில் கால் தரிக்காமல் அலைந்துகொண்டிருந்தேன். அந்தச் சட்டம் வேலை செய்வதை அப்போதுதான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

லய வரிசையில் எங்களுக்கு அடுத்த காம்பராவில் ஓர் அக்கா இருந்தாள். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். கொழும்புக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். பிள்ளை கிடையாது. படுக்கையில் கிடந்த அம்மாவுக்குப் பீ மூத்திரம் அள்ளிவிட்டுப் பால் வெட்ட மலைக்கு ஓடுவாள். குழிக்கு அனுப்ப ஆணுக்கு எங்கே போவாள்? நானே வருகிறேன் என்று முன்பு ஒரு சாவுக்குக் கேட்டிருக்கிறாள். “பொம்பள குழி வெட்டுனா பொணம் எந்திரிச்சு ஓடிரும்” என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

அந்த அம்மா ஒரு விடியற்காலையில் செத்துப்போனாள். வெயில் ஏறியதும் சங்கத் தலைவர் வந்து பிணத்தைக் கும்பிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு வாசலுக்கு வந்தார்.

“ஒங்க வீட்லருந்து ஒரு குழிக்கும் ஆள் வரல தங்கச்சி. ஆளுக்கொரு நியாயம் பாத்தா சங்கம் நடக்குமா?”

“யாரண்ணே அனுப்புறது? எங்க வீட்ல ஆம்பள எங்க இருக்கான்?”

“அத அந்தக் கொழும்புக்காரிக்கிட்டல்ல கேக்கணும்!” என்றான் ஒரு பொடியன். வாசல் முழுக்கச் சிரித்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. “மாமா, போன குழிக்கு ஒங்க மச்சான் வீட்லருந்து யாரும் வரல. அத விட்டுட்டீங்கதானே?”

“அவனுக்கு இடுப்பு புடிச்சிருச்சு பாப்பா. மனுசனுக்கு எரக்கம் வேணாமா?”

அவரிடம் இரக்கம் இல்லாமல் இல்லை. மச்சான் வீடுவரை போகும், திரும்பிவிடும். அதற்கு அப்பால் நியாயம் ஆரம்பித்துவிடும். நியாயம் பெரிதா, இரக்கம் பெரிதா என்று தோழிகளோடு தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். இங்கே இரண்டும் ஒரே வாயில் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்தின.

குழி வெட்ட வரும்படி அப்பாவிடம் கெஞ்சினேன். “நாளைக்கு நான் செத்தா ஒங்கம்மாவா குழி வெட்டுவா?” என்றார். லயத்துப் பெண்கள் அக்காவுக்குத் தேத்தண்ணி கொடுத்தார்கள், கட்டிப்பிடித்து அழுதார்கள். ஒருத்தியும் தன் புருஷனைக் கேட்கவில்லை.

அக்கா மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். மண் அள்ளக் கூடையோடு நானும் ஓடினேன். என் அம்மா பின்னால் ஏசிக்கொண்டே வந்து பாதி வழியில் நின்றுவிட்டாள். இடுகாட்டுச் சரிவு முழுக்க ரப்பர் வேர். ஆண்கள் வந்து கல்லில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள்.

“வேரப் பாத்துக் கொத்து!”

“பால் வெட்டுற கையில்ல, நல்லா வளையுது!”

இடுப்பளவு வந்ததும் அக்கா நிமிர்ந்தாள். தலைவர் ஒரு கம்பை உள்ளே விட்டுப் பார்த்தார்.

“பத்தாது. பன்னி தோண்டிரும். எல்லாக் குழிக்கும் ஒரே ஆழந்தான் தங்கச்சி.”

உள்ளங்கை தோலுரிந்து பிடியெல்லாம் ரத்தமானது. மறுபடி கொத்தினாள். கம்பு சரியென்றபோது பொழுது சாய்ந்திருந்தது. பெட்டி தூக்கச் சட்டத்தில் தடையில்லை. நாலு பேர் உடனே தோள் கொடுத்தார்கள்.

மண் மூடியதும் தலைவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “ஹரி, எல்லாம் சரி. இன்னைக்கு ஒங்க வீட்லருந்து குழிக்கு ஆள் வந்துருச்சு. அத இல்லேன்னு சொன்னா அநியாயம். இனி ஒங்க வீட்ல சாவு விழுந்தா நாங்க வெட்டுவோம் தங்கச்சி.”

அந்த வீட்டில் இனிமேல் அவள் ஒருத்திதான்.

“சரிங்கண்ணே” என்று அக்கா கும்பிட்டாள். உள்ளங்கைகள் ஒன்றோடொன்று படவில்லை.